சி6 கழுத்து அடிக்கு அப்புறம் என்னென்ன வாங்கணும், எது முதல்ல

மத்தவங்களுக்கும் புரியணும்னு கேள்விய சுருக்கமா போட்டுடறேன். கேள்வி கேட்டவங்களோட தம்பிக்கு 26 வயசு, பைக் ஆக்சிடன்ட், கழுத்துல சி6 லெவல்ல (கழுத்துப் பகுதி முதுகுத்தண்டுல ஆறாவது லெவல்) அடி, டிஸ்சார்ஜ் சம்மரில கம்ப்ளீட்னு எழுதியிருக்கு, அதாவது அடிக்கு கீழ அசைவும் உணர்ச்சியும் இல்லனு அர்த்தம், அஞ்சு மாசம் ஆச்சு. வீட்ல இப்ப இருக்கறது ஆஸ்பத்திரில தள்ளிட்டு போற மாதிரி மடக்கு வீல்சேர் ஒண்ணு, தண்ணி பெட் ஒண்ணு. சொந்தக்காரங்க எல்லாம் சேந்து ஒன்றரை லட்சம் போட்டு தர்றேன்னு சொல்லியிருக்காங்க, மாமா ஒருத்தர் யூடியூப்ல ரோபோ கால் மாட்டி நடக்கற வீடியோ பாத்துட்டு கடன் வாங்கியாவது அதயே வாங்கிடலாம்ங்கறார். இந்த காசுல எது வாங்கலாம், எது வேண்டாம்னு கேக்கறாங்க.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகள திரும்ப செய்ய பழக்கறவங்க, முதுகுத்தண்டு அடிபட்டவங்களோடதான் எனக்கு வேலை. நேரா சொல்லிடறேன், ரோபோ கால் வேண்டாம், அது ஏன்னு கீழ சொல்றேன். காசு போக வேண்டிய வரிசை இதுதான்: முதல்ல உக்கார்ற குஷன், அடுத்து அவர் உடம்புக்கு அளவெடுத்த வீல்சேர், அப்புறம் பாத்ரூம், அதுக்கு பக்கத்துலயே ஐநூறு ஆயிரத்துல முடியற கை சாமான்கள், கையில ஏற்கனவே இருக்கற போன். வீல்சேர்ல மாட்டற மோட்டார், நிக்கற மெஷின் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். வரிசை மாறிப்போய் கடைசில வாங்க வேண்டியத முதல்ல வாங்கின வீடுங்க நிறைய பாத்திருக்கேன், ரெண்டு லட்சம் ரூபா மெஷின் மூலைல துணி காயப்போட நிக்கும், ஆளு படுக்கைப்புண்ணோட குப்புற படுத்திருப்பாரு. அத திரும்ப பாக்க எனக்கு மனசில்ல, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

முதல்ல சி6னா என்னன்னு பாப்போம், அது தெரியாம எந்த சாமானும் வாங்க முடியாது. முழங்கைய மடக்கற தசை வேலை செய்யும், தோள் பெரும்பாலும் நல்லா இருக்கும், மணிக்கட்ட மேல தூக்க முடியும். முழங்கைய நீட்டற தசை கிடையாது, விரலுக்கு சொந்த பலம் கிடையாது. அந்த மணிக்கட்டு தூக்கறதுதான் உங்க தம்பிகிட்ட இருக்கற பெரிய சொத்து. உங்க கையிலயே இப்ப செஞ்சு பாருங்க, கைய தளர்வா விட்டுட்டு மணிக்கட்ட கீழ தொங்கவிடுங்க, விரல் தானா விரியும். மெதுவா மணிக்கட்ட மேல தூக்குங்க, விரல் தானா மடங்கி கட்டவிரல் ஆள்காட்டி விரல் பக்கம் வந்து ஒட்டும், நீங்க விரல மடக்கவே இல்ல, தசைநார் நீளம் பத்தாம அதுவா இழுத்துக்குது. இதுக்கு டெனோடெசிஸ் பிடினு பேரு. சி6 ஆளுங்க சாவிய எடுக்கறது, பேப்பர தூக்கறது, ஸ்பூன் பிடிக்கறது, சட்டைய இழுக்கறது எல்லாமே இத வச்சுதான்.

இதுல வீட்ல எல்லாரும் அன்பால செய்யற ஒரு கெடுதல் இருக்கு. விரல் மடங்கியே இருக்கே, இப்படியே நின்னுடுமோன்னு பயந்து, தினம் காலைல எண்ணெய் தேச்சு, மணிக்கட்டயும் பின்னாடி வளைச்சு விரலயும் முழுசா நீட்டி இழுத்து விடுவாங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யவே கூடாது. அந்த தசைநார் கொஞ்சம் இறுக்கமா இருந்தாத்தான் பிடி வரும், இழுத்து தளர்த்திட்டா மணிக்கட்ட எவ்ளோ தூக்கினாலும் விரல் மூடாது, அப்புறம் அத திருப்பி கொண்டு வர்றது ரொம்ப கஷ்டம். விரல நீட்டணும்னா மணிக்கட்ட கீழ தொங்கவிட்டு நீட்டுங்க, மணிக்கட்ட தூக்கணும்னா விரல் மடங்கி இருக்கட்டும். அவர் கட்டில்ல கைய ஊன்றப்பவும் உள்ளங்கைய விரிச்சு ஊனாம விரல் மடங்கின நிலைலதான் ஊனணும். வீட்டுக்கு பிசியோ வந்தா அவங்ககிட்டயும் இத சொல்லிடுங்க, பக்கவாதம் வந்தவங்களுக்கு செய்யற பயிற்சிய அப்படியே இவருக்கும் செஞ்சுடறவங்க இருக்காங்க.

கைக்கான சாமான்ல முதலாவது யுனிவர்சல் கஃப். பேரு பெருசா இருக்கு, சாமான் சின்னது. உள்ளங்கைய சுத்தி ஒரு பட்டை, அதுல ஒரு சின்ன பை, அந்த பைக்குள்ள ஸ்பூன் காம்ப சொருகலாம், டூத் பிரஷ், சீப்பு, பேனா, போன் தொடற ஸ்டைலஸ் எல்லாம் சொருகலாம். கடைல கிடைக்கும், இல்லன்னா பை தைக்கற ஆளுகிட்டயோ செருப்பு தைக்கறவர்கிட்டயோ ஒரு அளவு பட்டை, வெல்க்ரோ, மெத்துனு உள்துணி குடுத்தா அரை மணில தைச்சு தருவாரு. வெல்க்ரோ நுனில விரல் நுழையற மாதிரி ஒரு வளையம் தைக்க சொல்லுங்க, அப்பத்தான் இன்னொருத்தர் உதவி இல்லாம அவரே கட்டைவிரல நுழைச்சு இழுத்து மாட்டிக்கவும் கழட்டவும் முடியும். இந்த வளையம் இல்லாத கஃப் வாங்கிட்டா ஒவ்வொரு வேளைக்கும் அம்மாவ கூப்பிடணும், அப்புறம் வாங்கினதுக்கு அர்த்தமே இல்ல. ஸ்பூன் காம்ப லேசா வாய் பக்கம் வளைச்சு விடுங்க, கொஞ்சம் ஆழமான ஸ்பூனா இருக்கட்டும், ரசம் சாதம் தயிர் சாதத்துல ஆரம்பிங்க, பொரியல் அப்புறம். விளிம்பு ஒசந்த தட்டு, அடில ஈரத்துணியோ ரப்பர் ஷீட்டோ போட்டா தட்டு நகராது. முதல் வாரம் பாதி சோறு மடிலதான் விழும், விழட்டும், ஊட்டி விட கை போனா கைய கட்டிக்கிட்டு உக்காருங்க.

காபி டம்ளர் விஷயத்துல மட்டும் ரொம்ப கவனம். சில்வர் டம்ளர்ல சூடா ஊத்தி மடில வச்சுக்கற பழக்கம் நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு. அவருக்கு தொடைல உணர்ச்சி கிடையாது, சூடு தெரியாது, சாயங்காலம் பேன்ட் மாத்தறப்பத்தான் கொப்புளம் கண்ணுல படும், அந்த தீப்புண் ஆற மாசக்கணக்கா ஆகும். ரெண்டு பக்கமும் பிடி வச்ச மூடி போட்ட பிளாஸ்டிக் மக், நீள ஸ்ட்ரா, மேஜை மேல. மடில லேப்டாப் வைக்கறதும் இதே கதைதான், கீழ ஒரு மரப்பலகையாவது வேணும். வெயில்ல நின்ன கார் சீட், பைக் சைலன்சர் பக்கம், ஹாட் வாட்டர் பேக் எல்லாத்துலயும் ஒரே விதி, உங்க கை பொறுக்குதான்னு பாத்துட்டு அப்புறம் அவர் உடம்பு படணும்.

போன் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா புதுசா ஒண்ணும் வாங்க வேண்டியதில்ல. ஆண்ட்ராய்டுல வாய்ஸ் ஆக்செஸ்னு ஒண்ணு இருக்கு, 2018ல வந்தது, ஐபோன்ல வாய்ஸ் கண்ட்ரோல், 2019ல வந்தது, ரெண்டுலயும் திரைல இருக்கற ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு நம்பர் போட்டு காட்டும், நம்பர சொன்னா அது அமுங்கும். கமாண்ட் இங்கிலீஷ்ல சின்ன சின்ன வார்த்தைதான், ஒரு வாரத்துல பழகிடும். மெசேஜ் எழுத ஜிபோர்டு கீபோர்டுல தமிழ்ல பேசினா தமிழ்லயே டைப் ஆகும். உங்க தம்பிக்கு சி6ங்கறதால விரல் முட்டிலயும் ஸ்டைலஸ்லயுமே நல்லா வேகமா வரும், குரல் துணைக்குத்தான். போன தொங்கவிட வளையற கழுத்து உள்ள ஸ்டாண்ட் ஒண்ணு கட்டில்லயும் ஒண்ணு வீல்சேர்லயும் பிடிச்சு வைங்க. இத வெறும் பொழுதுபோக்குனு நினைக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு திரும்பிப் படுக்கணும்னா பக்கத்து ரூம்ல தூங்கற ஆள எழுப்ப ஒரு வழி இருக்குங்கற தைரியம் அவருக்கு வேணும். படிச்சது என்னவோ அந்த வேலைக்கு திரும்பற வழியும் இதுலதான் ஆரம்பிக்கும், கம்ப்யூட்டர்ல விண்டோஸ் 11லயும் இதே மாதிரி குரல் வசதி உள்ளயே இருக்கு. சி4க்கு மேல அடிபட்டு கையே அசையாதவங்களுக்குத்தான் ஊதி உறிஞ்சற குழாய், தலையால ஓட்டற மவுஸ், வாய்ல கடிச்சுக்கற குச்சி எல்லாம், அதுல போய் உங்க காச விடாதீங்க.

இப்ப குஷன். இந்த பதில்ல ஒரே ஒரு பத்திதான் படிப்பேன்னா இத படிங்க. 1944ல இங்கிலாந்துல ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரில லுட்விக் குட்மன்ங்கற டாக்டர் ஸ்பைனல் வார்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, முதுகுத்தண்டு அடிபட்டவங்க பெரும்பாலும் சாகறது அடியால இல்ல, படுக்கைப்புண்ணாலயும் மூத்திரத்துல கிருமி வந்து கிட்னி கெட்டும்தான். அவர் செஞ்ச பெரிய வேலைல ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஆள திருப்பிப் போட வச்சது. எண்பது வருஷம் ஆச்சு, இன்னிக்கும் நம்ம ஊர்ல ஆளுங்கள திரும்ப ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோற காரணங்கள்ல இந்த ரெண்டும் முன்னாடி நிக்குது. உக்காந்திருக்கறப்ப உடம்பு பாரம் எல்லாம் ரெண்டு உக்கார்ற எலும்பு மேலயும் வால் எலும்பு மேலயும் இறங்குது, நமக்கு வலிக்கும், நாம நெளிவோம், அவருக்கு வலிக்காது. அந்த இடத்துல ரத்தம் போகாம தோலுக்கு கீழ சதை செத்துட்டு இருக்கும், வெளிய வெறும் சிவப்புதான் தெரியும்.

குஷன்ல ஃபோம், ஜெல், காத்து அறை வச்சதுனு மூணு விதம். சி6 கம்ப்ளீட்டுக்கு, உணர்ச்சி சுத்தமா இல்லாத ஆளுக்கு, ரோஹோ கம்பெனி செய்யற மாதிரி காத்து அறை குஷன் நல்லது, ஆனா காத்து அளவு சரியா இருந்தாத்தான். அவர உக்கார வச்சுட்டு உங்க கைய குஷனுக்கும் அவர் உக்கார்ற எலும்புக்கும் நடுவுல விடுங்க, எலும்போட மொட்ட இடம் தெரியும், அதுக்கும் குஷனோட அடிக்கும் நடுவுல அரை இஞ்ச்லேர்ந்து ஒரு இஞ்ச் இடம் இருக்கணும். எலும்பு அடில முட்டினா காத்து பத்தல, மேலயே மிதந்தா காத்து அதிகம். நிறைய பேரு நல்லா கல்லு மாதிரி அடிச்சு வைக்கறாங்க, அதுல உக்கார்றதும் பெஞ்சுல உக்கார்றதும் ஒண்ணுதான். இத தினம் காலைல பாக்கணும். இறக்குமதி குஷன் முப்பதாயிரம் பக்கம்கூட போகும், அந்த காசு கைல இல்லன்னா நல்ல அடர்த்தி ஃபோம அடுக்கி, உக்கார்ற எலும்பு வர்ற இடத்துல பள்ளம் வெட்டி செஞ்சு தர்ற ரீஹேப் சென்டர்ங்க (மறுவாழ்வு மையம்) இருக்கு, அதுவும் ஒழுங்கா மாத்திட்டு வந்தா ஓடும். மெடிக்கல் ஷாப்ல குடுக்கற அந்த வட்டமான ரப்பர் காத்து ரிங் மட்டும் வேண்டவே வேண்டாம், சுத்தி அமுக்கி நடுவுல வர்ற ரத்தத்தையே நிறுத்திடும், அது புண்ண உண்டாக்கும்.

எந்த குஷனா இருந்தாலும் நேரத்துக்கு நேரம் பாரத்த இறக்கியே ஆகணும், பதினஞ்சு நிமிஷத்துலேர்ந்து அரை மணிக்குள்ள ஒரு தரம். முழங்கை நீட்டற தசை இல்லாததால கைய ஊனி எழும்பறது அவருக்கு வராது. முன்னாடி ஒரு மேஜை மேல நெஞ்ச சாச்சு ரெண்டு நிமிஷம் குனியறது, இல்ல ஒரு கைய வீல்சேர் பிடில கொக்கி மாதிரி மாட்டிட்டு மறுபக்கம் சாயறது, ரெண்டும் வரும், போன்ல அலாரம் வச்சுக்கிட்டா போதும். ராத்திரி படுக்கறப்ப கைக்கண்ணாடிய வச்சு பின்னாடி பாக்கணும், சிவப்பு அரை மணில மறையலன்னா அடுத்த நாள் உக்கார்றது கிடையாது, மறையற வரைக்கும். தண்ணி பெட் இருக்குனு திருப்பாம விட்டுடாதீங்க, திருப்பறது கண்டிப்பா வேணும்.

வீல்சேருக்கு வர்றேன். உங்ககிட்ட இருக்கற அந்த மடக்கு சேரோட மூத்த தலைமுறைய 1930கள்ல செஞ்சவங்கள்ல ஒருத்தர் ஹெர்பர்ட் எவரெஸ்ட், அவரே சுரங்கத்துல முதுகு அடிபட்ட இன்ஜினியர், நண்பர் ஹாரி ஜென்னிங்ஸோட சேந்து கார் டிக்கில போடற மாதிரி செஞ்சார், அந்த காலத்துக்கு அது பெரிய விடுதலை. ஆனா இன்னிக்கு நம்ம கடைல விக்கற அந்த வடிவம் ஒரு ஆள இன்னொரு ஆள் பத்து நிமிஷம் தள்ளிட்டு போறதுக்கு, நாள் பூரா ஒருத்தர் உக்காந்து அவரே ஓட்டறதுக்கு இல்ல. தொங்கற ரெக்ஸின் சீட்டு நாலு மாசத்துல தொட்டில் மாதிரி குழிஞ்சிடும், இடுப்பு ஒரு பக்கம் சாயும், முதுகெலும்பு கூடவே வளையும். எல்லாருக்கும் ஒரே 18 இஞ்ச் அகலம். எடை பதினெட்டு இருபது கிலோ. 1978ல அமெரிக்காவுல மெரிலின் ஹாமில்டன்ங்கற பொண்ணு ஹேங் கிளைடர்லேர்ந்து விழுந்து அடிபட்டு, அவங்களுக்கு குடுத்த கனமான சேர் பிடிக்காம கிளைடர் செய்யற நண்பர்கள்கிட்ட சொல்லி அதே அலுமினியம் குழாய்ல லேசா ஒண்ணு செய்ய வச்சாங்க, அந்த வழில வந்ததுதான் இப்ப ஆக்டிவ் வீல்சேர்னு சொல்றது.

அளவு பாக்கறப்ப இத கவனிங்க. இடுப்பு அகலத்துக்கு மேல ஒரு இஞ்ச் மட்டும் சீட்டு அகலம், உள்ள ஆடற அளவுக்கு இடம் இருக்கக் கூடாது. முழங்காலுக்கு பின்னாடி ரெண்டு விரல் இடைவெளி. கால் மிதி சரியான உயரத்துல, மிதி ஒசந்துட்டா தொடை தூக்கிக்கிட்டு பாரம் எல்லாம் பின்னாடி எலும்பு மேல இறங்கும். பின் சக்கரத்தோட அச்சு முன்னாடி நகர்த்தற மாதிரி இருக்கணும், தோளுக்கு நேர் கீழ வந்தா தள்ளறது பாதி சுலபம், ஆனா பின்னாடி கவிழற வாய்ப்பு கூடும், அதனால ஆரம்பத்துல பின்னாடி குட்டி சக்கரம் ரெண்டு கண்டிப்பா இருக்கணும். சக்கரத்து மேல கை வைக்கறப்ப முழங்கை கொஞ்சம் மடங்கி இருக்கணும், கை நீண்டு போனாலும் தோள் தூக்கினாலும் அளவு தப்பு. இனிமே கால் செய்யற வேலையும் சேத்து தோள்தான் செய்யப் போகுது, வருஷங்கள் போகப் போக தோள் வலி வராதவங்க குறைவு, அதனால ஒவ்வொரு கிலோவும் முக்கியம். அவருக்கு விரல் பிடி இல்ல, கை வளையத்த இறுக்கி பிடிக்க முடியாது, உள்ளங்கையால அமுக்கித்தான் தள்ளணும், ஸ்டீல் வளையம் வழுக்கும். ரப்பர் பூசின வளையம் கேளுங்க, கிடைக்கலன்னா பழைய சைக்கிள் டியூப நீளமா வெட்டி வளையத்துல இறுக்கமா சுத்தி விடுங்க, கைக்கு ஒரு தோல் கிளவுஸ். டியூப் சுத்தினதுமே வாசல் வரைக்கும் தானா போய்ட்டு வந்த ஆளுங்கள பாத்திருக்கேன், அந்த முகத்த பாத்தா இந்த வேலைய விட்டு போக தோணாது.

நம்ம ஊர்லயே இப்ப நல்ல சேர் வருது. சென்னை ஐஐடில சுஜாதா சீனிவாசன்ங்கற பேராசிரியை நடத்தற ஆர்2டி2ங்கற மறுவாழ்வு கருவி மையத்துலேர்ந்து வளந்த நியோமோஷன் கம்பெனி 2021ல நியோஃபிளைங்கற அளவெடுத்து செய்யற சேரையும், அதுக்கு முன்னாடி மாட்டற நியோபோல்ட்ங்கற மோட்டார் வண்டியையும் கொண்டு வந்தாங்க. வெளியிட்டப்ப சேர் 39,900, மோட்டார் 55,000னு சொன்னாங்க, இப்பத்தய விலைய நேரா கேட்டுக்கோங்க. மோட்டார மாட்டினா மணிக்கு 25 கிலோமீட்டர் வரைக்கும் போகும். இடுப்புக்கு கீழ மட்டும் செயலிழந்தவங்க அதுல வேலைக்கே போறாங்க. உங்க தம்பிக்கு சேர் சரி, மோட்டார உடனே வாங்காதீங்க, ஆக்சிலரேட்டர் பிரேக் ரெண்டுக்கும் விரல் பலம் வேணும், உடம்ப நேரா பிடிக்கற வயித்து தசையும் அவருக்கு இல்ல, ஓட்டிப் பாத்து, கைக்கு ஏத்த மாதிரி மாத்தி தருவாங்களானு கேட்டு, நெஞ்சு பெல்ட்டோட பழகினதுக்கு அப்புறம் யோசிக்கலாம். வெளிய தூரம் போக ஜாய்ஸ்டிக் பேட்டரி சேர்தான் அவருக்கு பொருந்தும், அதுக்கு அரசாங்க வழி இருக்கு, கீழ சொல்றேன்.

பாத்ரூம். கடைல சேர் எடுக்கறதுக்கு முன்னாடி வீட்ல போய் கதவு அகலத்த அளந்துக்கோங்க, நம்ம வீடுங்கள்ல ஹால் கதவு மூணு அடி இருக்கும், பாத்ரூம் கதவு ரெண்டு ரெண்டரை அடிதான், அதுல நிலை போக எவ்ளோ இருக்கு, சக்கரம் போகுமானு பாக்கணும். கதவ வெளிப்பக்கம் திறக்கற மாதிரி மாத்தினா, இல்ல எடுத்துட்டு திரை போட்டா, சில சமயம் அதுவே போதும். வாசப்படிக்கு சாய்தளம் போடறப்ப ஒரு அடி உயரத்துக்கு பன்னெண்டு அடி நீளம், கொத்தனார் இடம் பத்தாதுனு செங்குத்தா போட்டு தருவாரு, அதுல ரெண்டு பேரு சேந்துதான் தள்ள முடியும். கமோட் சேர் மெத்த வச்சதா இருக்கணும், வெறும் பிளாஸ்டிக் வேண்டாம், அதுலயும் அரை மணிக்கு மேல உக்கார வைக்காதீங்க, மலம் வரலன்னு ஒன்றரை மணி நேரம் உக்கார வச்சு புண்ணு ஆனவங்க இருக்காங்க. கட்டில் உயரமும் வீல்சேர் சீட்டு உயரமும் ஒண்ணா இருந்தா ஒரு வழவழப்பான பலகைய நடுவுல போட்டு நகத்திடலாம், கார்பென்டர்கிட்ட ரெண்டரை அடிக்கு ஓரம் சீவின பிளைவுட் பலகை கேளுங்க, இழைச்சு வார்னிஷ் அடிச்சு தரட்டும்.

மூத்திரத்துக்கு டியூப் போட்டு பை மாட்டியிருப்பாங்கனு நினைக்கிறேன். நாலு மணி நேரம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் சின்ன டியூப விட்டு எடுத்துடற முறை கிட்னிக்கு பெரும்பாலும் நல்லது, 1972ல ஜாக் லேப்பிடஸ்ங்கற டாக்டர் ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் வேணாம், நல்லா சோப்பு போட்டு கை கழுவின சுத்தமே போதும்னு காட்டினதுலேர்ந்து உலகம் பூரா வீட்ல செய்யறாங்க. சி6ல சில பேரு இத தானே செய்ய கத்துக்கறாங்க, ஆம்பளைங்களுக்கு கொஞ்சம் சுலபம், ஜிப்புல வளையம், டியூப பிடிக்க ஒரு கிளிப் வேணும். முடியலன்னா வீட்ல ஒருத்தர் செய்யணும், அதுவும் முடியலன்னா யூராலஜி டாக்டர்கிட்ட பேசி டியூபே இருக்கட்டும்னு முடிவு பண்ணலாம், எது பண்ணினாலும் கால்ல கட்டற பையோட மூடி திருகறதா இல்லாம நெம்பித் தள்ளறதா வாங்குங்க, மணிக்கட்டால தட்டியே அவர் திறந்து கொட்டிடுவாரு.

இதோட சேத்து ஒரு ஆபத்த உங்க வீட்ல எல்லாரும் தெரிஞ்சுக்கணும். டி6லயோ (நெஞ்சுப் பகுதி முதுகுத்தண்டுல ஆறாவது லெவல்) அதுக்கு மேலயோ அடிபட்டவங்களுக்கு, உங்க தம்பியும் அதுல வர்றாரு, கீழ உடம்புல ஏதாவது தொந்தரவு இருந்தா பிரஷர் திடீர்னு எகிறும். தலை வெடிக்கற மாதிரி வலிக்கும், முகம் சிவந்து கழுத்துக்கு மேல வேர்க்கும். காரணம் பெரும்பாலும் டியூப் மடங்கி மூத்திரம் நின்னு போனது, இல்ல மலம் கட்டினது, இல்ல இறுக்கமான பெல்ட்டு, பை பட்டை, புது ஷூ. உடனே நிமித்தி உக்கார வைங்க, காலத் தொங்க விடுங்க, இறுக்கமானத எல்லாம் தளத்துங்க, டியூப் மடங்கியிருக்கானு பாருங்க. அஞ்சு பத்து நிமிஷத்துல இறங்கலன்னா ஆஸ்பத்திரி. இவங்களுக்கு சாதாரண பிரஷரே 90, 100தான் இருக்கும், அதனால கேஷுவால்டில 140 பாத்துட்டு ஒண்ணுமில்லனு சொல்ல வாய்ப்பு உண்டு, அவரோட வழக்கமான பிரஷர ஒரு சீட்டுல எழுதி ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியானு பேரும் போட்டு வீல்சேர் பைல வைங்க. புது பெல்ட்டு, புது ஸ்ப்ளின்ட் (கை காலுக்கு போடற தாங்கு பட்டை), எது மாட்டினாலும் முதல் நாள் இருபது நிமிஷம் மட்டும் போட்டு கழட்டி பாக்கணும்னு சொல்றது இதுக்கும் சேத்துத்தான். கழுத்துக்கு கீழ வேர்க்காது, அதனால சித்திரை வைகாசி வெயில்ல உடம்பு சூடு சரசரனு ஏறும், தண்ணி ஸ்ப்ரே பாட்டிலும் ஒரு சின்ன ஃபேனும் சேர்லயே இருக்கட்டும்.

ரோபோ கால். மாமா பாத்தது ரீவாக் மாதிரி ஒண்ணா இருக்கும். அமெரிக்காவுல 2014ல அதுக்கு அனுமதி குடுத்தப்பவே தெளிவா எழுதிட்டாங்க, வீட்ல பயன்படுத்த டி7லேர்ந்து எல்5 (இடுப்புப் பகுதி முதுகுத்தண்டுல அஞ்சாவது லெவல்) வரைக்கும் அடிபட்டவங்க, அதுவும் பழகின ஒருத்தர் பக்கத்துல இருக்கணும், டி4லேர்ந்து டி6 வரைக்கும் ரீஹேப் சென்டர்ல மட்டும். ரெண்டு கைலயும் ஊன்றுகோல இறுக்கி பிடிச்சு உடம்ப தாங்கணும், சி6க்கு அது நடக்காது. விலை அப்பவே 70,000 டாலர் பக்கம். மாமாகிட்ட இத அன்பா சொல்லுங்க, அவர் ஆசை நியாயமானதுதான், அந்த ஆசைய குஷன் பக்கம் திருப்பி விடுங்க. மூளைல சிப் வைக்கறது, 2024 ஜனவரில நியூராலிங்க் முதல் ஆளுக்கு வச்சது, நடக்க வைக்கறதுக்கு இல்ல, நினைச்சு கம்ப்யூட்டர் கர்சர நகத்தறதுக்கு, இன்னும் பரிசோதனைதான். காசு கேட்டு ஸ்டெம் செல் ஊசி போடறேன்னு யாராவது வந்தா கதவ சாத்துங்க.

கைக்கு நிஜமாவே பலன் தர்ற ஒண்ணு இருக்கு, அது மெஷின் இல்ல, ஆபரேஷன். வேலை செய்யற தசையோட நார எடுத்து கட்டவிரலுக்கோ முழங்கை நீட்டறதுக்கோ மாத்தி தைக்கறது. நரம்பு மாத்தறதும் உண்டு, அதுக்கு காலக்கெடு இருக்கு, அடிபட்ட முதல் வருஷத்துக்குள்ள பாக்கறது நல்லது, அதனால இப்பவே ஒரு கை சர்ஜன காட்டுங்க. நார் மாத்தற வித்தைல வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு பழைய பேரு, பால் பிராண்ட்ங்கற சர்ஜன் அங்க தொழுநோயாளிங்க கைக்கு செஞ்சுட்டு இருந்தார், அவர்கிட்ட கத்துக்கிட்ட மேரி வர்கீஸ்ங்கற டாக்டர் 1954ல கார் விபத்துல இடுப்புக்கு கீழ செயலிழந்தும் வீல்சேர்ல உக்காந்தே அந்த ஆபரேஷன செஞ்சாங்க. அவங்க ஆரம்பிச்ச மறுவாழ்வு மையம் வேலூர்ல இன்னிக்கும் நடக்குது. நிக்கற வீல்சேர் அரைஸ் கூட 2019ல சென்னை ஐஐடிலேர்ந்து வந்ததுதான், 15,000 ரூபா பக்கம்னு அறிவிச்சாங்க, நிக்கறது நல்லதுதான், ஆனா நாலஞ்சு மாசம் படுத்த உடம்புல நிமித்தினதும் பிரஷர் இறங்கி மயக்கம் வரும், எலும்பும் பலம் குறைஞ்சிருக்கும், முதல்ல ரீஹேப்ல டில்ட் டேபிள்ல (ஆள படுக்க வச்சு கட்டி கொஞ்சம் கொஞ்சமா நிமித்தற மேஜை) பழக்கிட்டு டாக்டர் சொன்னதுக்கு அப்புறம்தான்.

எல்லாத்துக்கும் முன்னாடி, காசு எதுலயும் போடறதுக்கு முன்னாடி, ஒரு ரீஹேப் சென்டர்ல சில வாரம் தங்க வைங்க. வேலூர் இருக்கு. தென்காசி பக்கம்னா ஆய்க்குடி அமர் சேவா சங்கம், 1975ல கடற்படை தேர்வுல கழுத்து அடிபட்ட ராமகிருஷ்ணன் 1981ல ஆரம்பிச்சது. திருவண்ணாமலைல சோல்ஃப்ரீ, தமிழ்நாடு ஜூனியர் பெண்கள் கிரிக்கெட் கேப்டனா இருந்து 1998ல கழுத்து அடிபட்ட ப்ரீத்தி சீனிவாசன் நடத்தறது. ரெண்டையும் ஆரம்பிச்சவங்க உங்க தம்பி மாதிரியே கழுத்துல அடிபட்டவங்க. அங்க அஞ்சு வருஷம் பத்து வருஷமா வீல்சேர்ல வாழற ஆளுங்கள உங்க தம்பி பாக்கணும், நான் நூறு தரம் சொல்றத விட அவங்க சட்ட போடறத ஒரு தரம் பாத்தா போதும்.

அரசாங்கம் பக்கம், முதல் வேலை யுடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை. அதோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு போய் மாத உதவித்தொகைக்கும், முதுகுத்தண்டுவடம் பாதிச்சவங்களுக்கான பேட்டரி வீல்சேருக்கும் எழுதி குடுங்க. நேரம் ஆகும், அதனால இன்னிக்கே. முகாம்ல குடுக்கற சேர் ஒரே அளவா இருக்கும், கிடைக்குதேனு அதுலயே நாள் பூரா உக்கார வைக்காதீங்க, வெளிய ஆஸ்பத்திரி போக வச்சுக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே பிசியோ வருவாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர பதிஞ்சுக்கோங்க.

ஒன்றரை லட்சத்த நான் பிரிச்சா, குஷனுக்கு முப்பதாயிரம், சேருக்கு ஐம்பதுக்குள்ள, பாத்ரூம் சாய்தளம் கமோட் எல்லாம் முப்பது, கை சாமான், போன் ஸ்டாண்ட், பலகை அஞ்சு, மீதிய தொடாம வைங்க, ரீஹேப் தங்கலுக்கும் முதல் வருஷத்து டியூப் பை செலவுக்கும் அது வேணும். சேர் வந்ததும் வாரா வாரம் டயர் காத்து பாருங்க, காத்து இறங்கினா பிரேக் பிடிக்காது, கட்டில்லேர்ந்து மாறறப்ப சேர் நகந்து ஆள் கீழ விழறது பெரும்பாலும் இதனாலதான். முன் சக்கரத்துல முடியும் நூலும் சுத்திக்கும், மாசம் ஒரு தரம் கழட்டி எடுங்க. பின் சக்கரம் சாதாரண சைக்கிள் கடைல பஞ்சர் ஒட்டற மாதிரி இருக்கானு வாங்கறப்பவே கேட்டுக்கோங்க. இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்காலுக்கு கீழ நீளம், பாத்ரூம் கதவு அகலம், இந்த நாலையும் அளந்து இங்கயே போடுங்க, எந்த அளவு சேர் கேக்கணும்னு சொல்றேன்.